கல்கி 2898: அசுவத்தாமனிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டவர்களுக்கு

நாக் அஸ்வின் இயக்கத்தில் 2024 ஜூன் 27 அன்று வந்த ‘கல்கி 2898 ஏடி’ படத்தைப் பார்த்துவிட்டுப் பாரதக் கதையில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். வசூல் கணக்கு வேண்டாம். இன்னொன்று: தொலைக்காட்சித் தொடரில் பார்த்ததை வியாசர் தலையில் கட்டாதீர்கள்.

கல்லூரி மாணவி: 2898 என்ற எண் எங்கிருந்து வந்தது?

கலியுகம் கி.மு. 3102-இல் பிறந்தது என்பது பஞ்சாங்கக் கணக்கு. அதோடு 2898-ஐக் கூட்டினால் 6000. ஆனால் புராணத்தில் கலியுகத்தின் நீளம் 4,32,000 வருஷம். கல்கி வருவது அதன் கடைசியில். படத்தில் நாலு லட்சத்துச் சொச்சம் வருஷத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அவ்வளவு காலம் காத்திருக்க எந்தத் தயாரிப்பாளரால் முடியும்?

சேலத்து வாசகர்: அமிதாப் பச்சன் நடித்த அசுவத்தாமனுக்கு மூலத்தில் என்ன சாபம்? கல்கிக்குக் காவல் இரு என்று கண்ணன் சொன்னானா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். வியாச பாரதத்தின் சௌப்திக பர்வத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துரியோதனன் தொடை முறிந்து கிடக்கிறான். ராத்திரி ஆலமரத்தடியில், கௌரவர் பக்கம் மிஞ்சிய கிருபரும் கிருதவர்மனும் தூங்கிவிட்டார்கள். அசுவத்தாமனுக்குத் தூக்கம் வரவில்லை. மரத்தில் தூங்கும் காக்கைகளை ஓர் ஆந்தை வந்து கொன்று போடுவதைப் பார்க்கிறான். சரி, இதுதான் வழி என்று எழுந்து பாண்டவர் பாசறைக்குள் புகுகிறான். அப்பா துரோணரைக் கொன்ற திருஷ்டத்யும்னனை ஆயுதம் எடுக்கக்கூட விடாமல் மிதித்தே கொல்கிறான். அப்புறம் சிகண்டி, திரௌபதியின் ஐந்து பிள்ளைகள். தப்பி ஓடியவர்களை வாசலில் நின்ற மற்ற இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

பாண்டவர்கள் தேடி வந்ததும் பிரம்மசிரஸ் அஸ்திரத்தை விடுகிறான். அருச்சுனனும் பதிலுக்கு விடுகிறான். நாரதரும் வியாசரும் நடுவில் நின்று திரும்ப வாங்கச் சொல்ல, அருச்சுனன் வாங்கிவிடுகிறான். இவனுக்கு விடத் தெரியும், வாங்கத் தெரியாது. அது அபிமன்யுவின் மனைவி உத்தரையின் கர்ப்பத்தின் மேல் போய் விழுகிறது. அதற்குத்தான் கண்ணன் கொடுத்த சாபம்: 3000 வருஷம், பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்லாமல், சீழும் ரத்தமும் நாற அலை என்று. கல்கியைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது. பஞ்சாங்கக் கணக்குப்படி பார்த்தால் தண்டனை கி.மு. 102 வாக்கில் முடிந்திருக்க வேண்டும். சங்கப் புலவர்கள் காலத்திலேயே ஆள் விடுதலை! ஏழு சிரஞ்சீவிகளில் ஒருவனாக அவனைச் சேர்த்துச் சொல்லும் சுலோகம்தான் இன்றுவரை அவனை உயிரோடு வைத்திருக்கிறது.

கர்ப்பத்தின் மேல் அஸ்திரம் விட்டவனே, படத்தில் கல்கியைச் சுமக்கும் கர்ப்பத்துக்குக் காவல் நிற்பது படக்குழுவின் கற்பனை. எந்த நூலிலும் நான் பார்த்ததில்லை. படத்தில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். மூலத்தில் இல்லை என்பதால் மட்டும் ஒன்று மட்டமாகிவிடாது.

மதுரைக்காரர்: தீபிகா படுகோனின் பாத்திரத்துக்குச் சுமதி என்று ஏன் பெயர்?

கல்கி புராணத்தில் கல்கியின் அம்மா சுமதி, அப்பா விஷ்ணுயசஸ். சம்-80 என்ற ஆய்வக எண்ணைச் சுமதி ஆக்கியது நல்ல விளையாட்டு. பாரதத்தின் வனபர்வத்திலோ விஷ்ணுயசஸ் என்பது கல்கிக்கே உள்ள பெயர்.

புது உறுப்பினர்: யாஸ்கினாக வரும் கமல் காளியா?

காளி வேறு, கலி வேறு. காளி தெய்வம். கலி நளனைப் பிடித்து ஆட்டியவன். நளவெண்பாவில் கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்று இரண்டு காண்டங்களே அவன் பெயரில் இருக்கின்றன. கல்கி புராணத்தில் கல்கிக்கு எதிரி இந்தக் கலி. யாஸ்கின் அவன்தானா என்பதை இரண்டாம் பாகம் வந்தால் பார்த்துக்கொள்வோம்.

வண்டிப் பிரியர்: படத்தில் வரும் புஜ்ஜி வண்டி நிஜமாகவே ஓடுமா?

ஓடும். மகிந்திராவும் கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனமும் சேர்ந்து உதவிய வண்டி. மற்றதை மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கர்ணன் ரசிகர்: கடைசியில் பிரபாஸ்தான் கர்ணன் என்று தெரிந்ததும் தியேட்டரே எழுந்து நின்றது. கர்ணன்தானே அருச்சுனனை விடப் பெரிய வீரன்?

வரும் என்று தெரியும். வியாச பாரதத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன். பாண்டவர் வனவாசத்தின்போது துரியோதனனோடு போன கோஷ யாத்திரையில் கந்தர்வர்களிடம் தேரை இழந்து, விகர்ணன் தேரில் ஏறித் தப்பினான். விராட நாட்டுச் சண்டையில் அருச்சுனன் ஒற்றை ஆளாக பீஷ்மர், துரோணர் உட்பட எல்லாரையும் முறியடித்தான். கர்ணனும் அந்தக் கூட்டத்தில்தான். அதே சமயம் 14-ஆம் நாள் பீமனைக் கைக்குள் வைத்திருந்தும் குந்திக்குக் கொடுத்த வாக்குக்காக உயிரோடு விட்டவனும் அவன்தான். பெரிய வீரன், சந்தேகமில்லை. அருச்சுனனை விட என்றால், நூல் அப்படிச் சொல்லவில்லை.

இன்னொரு கர்ணன் ரசிகர்: அவன் அம்பு பட்டு அருச்சுனன் தேர் பின்னால் போனதே? கண்ணனே பாராட்டினானே?

கதாகாலட்சேபக் கதை. வியாசரில் இல்லை.

மூன்றாவது கர்ணன் ரசிகர்: தேர் பின்னால்...

மேலே பாருங்கள். தலையில் கட்டாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

செய்யாறு வாசகி: ஐயா, கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் பக்கம் கர்ண மோட்சம் கூத்து விடிய விடிய நடக்கும். பொன்னுருவி புருஷன் கர்ணனைக் குலம் சொல்லி ஏசுவாள், அப்புறம் அவனே போருக்கு விடைகேட்டு வந்து நிற்பான். சனம் அழும். வியாசர் எழுதவில்லை என்பதால் அதெல்லாம் பொய்யா?

பொய் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும் அம்மா. நான் கேட்பது முகவரி மட்டும். பொன்னுருவி கூத்து வீட்டுப் பெண். மேகலை முத்து உதிர்ந்தபோது துரியோதனன் கர்ணனிடம் கேட்ட ‘எடுக்கவோ கோக்கவோ’, தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் வீட்டுச் சொத்து. சாகும் நேரத்தில் கண்ணன் அந்தணனாக வந்து புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்டதும் வில்லி பாடியதுதான், வியாசரில் கிடையாது. சிவாஜி நடித்த 1964 ‘கர்ணன்’ படத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் அழுத இடம் அது. தெலுங்கில் எடுத்த ‘கல்கி’ படத்தின் கடைசி நிமிஷத்துக்கு இங்கே விசில் பறந்தது என்றால், பாதி வில்லிக்கும் கூத்துக்கும் சேர வேண்டிய விசில். அதை வியாசர் கணக்கில் வரவு வைக்கும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

செய்யாறு வாசகி: அப்படியானால் படமும் இன்னொரு கூத்துதானே? அதற்கு மட்டும் ஏன் மூலத்தைக் காட்டி மார்க் போடுகிறீர்கள்?

பிடித்துவிட்டீர்கள். அசுவத்தாமன் விஷயத்தில் மார்க் போடாமல் கைதட்டினேனே! கர்ணன் விஷயத்தில் மட்டும் கை வரமாட்டேன் என்கிறது. அருச்சுனன் கட்சிக்காரன் புத்தி, என்ன செய்ய?

சட்டம் படிப்பவர்: படத்தின் முடிவில் யாஸ்கின் அருச்சுனனின் காண்டீப வில்லை எடுக்கிறாரே, அது இத்தனை காலம் எங்கே இருந்திருக்கும்?

நல்ல கேள்வி, கர்ணன் இல்லாத கேள்வி. மகாபிரஸ்தானிக பர்வத்தில் பாண்டவர்கள் கடைசிப் பயணம் போகும்போது அக்கினி வழிமறித்து, வருணனிடம் வாங்கிவந்த வில்லைத் திருப்பிக் கொடு என்கிறான். அருச்சுனன் வில்லையும் அம்பறாத்தூணிகளையும் தண்ணீரில் போட்டுவிட்டு நடக்கிறான். ஆக, யாஸ்கின் வருணனிடம் கடன் வாங்கியிருக்க வேண்டும்.

கர்ணன் ரசிகர்: ஐயா, சண்டை வேண்டாம். வில்லியில் அந்தத் தான இடம் எங்கே வருகிறது?

பதினேழாம் போர்ச் சருக்கம். முத்து உதிர்ந்த பாட்டு அதற்கு முன்னால், குந்தி அவனைத் தேடி வரும் இடத்தில். உரையோடு கூடிய பதிப்பாக வாங்குங்கள். தானம் கேட்கும் இடத்தில் எனக்கும் தொண்டை அடைக்கும். அதை இங்கே இருக்கிற உங்கள் கூட்டாளிகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்போதுதான் வந்தவர்: வணக்கம் ஐயா. கர்ணனா, அருச்சுனனா?

மேலே பாருங்கள்.