மடத்தில் படிப்பதும் பட்டம் பெறுவதும்

ஐயா, வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். எம்.ஏ. தமிழ் முடித்து, ஆதீனம் நடத்தும் இரண்டாண்டு சைவ சித்தாந்த வகுப்பும் படித்திருக்கிறேன். அருணந்தி சிவாச்சாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற சமயக் கொள்கைகளை மறுக்கும் பரபக்கப் பகுதியில் வரும் பௌத்த மறுப்பை எடுத்துக்கொண்டு தத்துவத்தில் பிஎச்.டி. செய்ய ஆசை. சமய அறக்கட்டளை ஒன்றின் ஆய்வு நிறுவனத்தில் நுழைவுத் தேர்வே வேண்டாம், மூன்றாண்டில் பட்டம் என்கிறார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குப் போ என்கிறார் அண்ணன். எது சரி? பக்தியுள்ளவள் தத்துவ ஆய்வு செய்ய முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த நிறுவனத்தில் முதலில் ஒன்று கேளுங்கள்: பட்டத்தை வழங்கப்போவது எந்தப் பல்கலைக்கழகம்? 1956ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்த பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் தந்த நிறுவனங்கள் ஆகியவை மட்டுமே பட்டம் தரலாம். அறக்கட்டளை தானே அச்சடித்துத் தரும் முனைவர் பட்டத்தை எந்தக் கல்லூரியும் ஏற்காது. சமய நிறுவனம் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டியதில்லை. காஞ்சிபுரம் ஏனாத்தூரில் சங்கர மடத்தின் பல்கலைக்கழகமும், பேலூரில் ராமகிருஷ்ண மிஷனின் பல்கலைக்கழகமும் நிகர்நிலைத் தகுதி பெற்றவை. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கல்வி மையமோ கொள்கையாகவே பட்டம் தருவதில்லை. இவை மூன்றும் தாம் என்ன தருகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லும் இடங்கள். உங்களுக்கு வந்த அழைப்பில் அந்தத் தெளிவு இல்லை.

மூன்றாண்டு என்பது 2022 யுஜிசி விதிமுறையில் குறைந்தபட்சக் காலம். அதிகபட்சம் ஆறு ஆண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. நுழைவுத் தேர்வோ நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணோ, அதன்பின் நேர்காணல், குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க் (ஆய்வு மாணவர் படிக்க வேண்டிய பாடங்கள்), முடிவில் குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள், வாய்மொழித் தேர்வு. இவற்றில் எதையும் யாரும் தள்ளுபடி செய்ய முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் உண்மையான சிக்கல். உங்கள் முதுகலை தமிழில். அதை வைத்து நெட் தேர்வில் தமிழ்ப் பாடத்தைத்தான் எழுத முடியும். தத்துவத் துறை உங்களைச் சேர்த்துக்கொள்ளுமா என்பது அந்தப் பல்கலைக்கழகம் தமிழைத் தொடர்புடைய பாடமாக ஏற்கிறதா என்பதைப் பொறுத்தது. சேர்ந்து முடித்தாலும், உதவிப் பேராசிரியர் நேர்காணலில் முதுகலைப் பாடமும் பிஎச்.டி. பாடமும் வேறுவேறு என்று கோப்பைத் திருப்பித் தள்ளக்கூடும். ஆதீன வகுப்புச் சான்றிதழ் முதுகலைக்கு ஈடாகாது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தத்துவம் இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டு வீணாகாது. அளவையியலும் (தர்க்கமும்) மேலைத் தத்துவமும் உங்களுக்கு எப்படியும் தேவை. அவ்வளவு காத்திருக்க முடியாதென்றால் தமிழ்த் துறையிலேயே இந்த நூலை எடுங்கள். ஆனால் 55 விழுக்காடு இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு.

இனி தலைப்பு. பரபக்கம், காண்பதே உண்மை என்ற உலகாயதர் தொடங்கி, வைணவப் பிரிவினரான பாஞ்சராத்திரிகள் வரை 14 தரப்புகளை எடுத்து மறுக்கிறது. அதில் பௌத்தப் பிரிவுகள் நான்கு. இப்படிப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. பௌத்தர் சொல்வதை அருணந்தி சிவாச்சாரியார் எடுத்துரைத்தபடியே வாங்கிக்கொண்டு, அவர் மறுப்பையும் வழிமொழிந்துவிட்டு, சித்தாந்தமே வென்றது என்று முடிப்பது. வெளித் தேர்வாளர் பௌத்தம் படித்தவராக இருந்தால் ஒரே கேள்வி கேட்பார்: அந்த நான்கில் ஒரு பிரிவினரான சௌத்ராந்திகர் உண்மையில் அப்படிச் சொன்னார்களா? விடை சொல்ல வசுபந்துவின் அபிதர்மகோசம், தர்மகீர்த்தியின் பிரமாணவார்த்திகம் என்னும் பௌத்த மூலநூல்கள் மொழிபெயர்ப்பிலாவது கைவசம் வேண்டும். உள்ளது எனில் செயல்விளைவு தர வேண்டும், மாறாதது எதையும் செய்ய முடியாது, ஆகவே உள்ளதெல்லாம் கணந்தோறும் அழிவது என்பது தர்மகீர்த்தியின் வாதம். பரபக்கத்தின் மறுப்பு இந்த வாதத்தைத் தொடுகிறதா, அதன் நிழலைத்தான் தொடுகிறதா என்று காட்டுவதே உங்கள் ஆய்வாக அமையலாம். தமிழிலேயே பௌத்தர் தம் குரலில் பேசும் இடம் ஒன்றும் இருக்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதை காட்சி, அனுமானம் என்ற இரண்டு அளவைகளை (அறியும் வழிகளை) மட்டும் ஏற்றுப் பௌத்த அளவையை விரிவாகப் பேசுகிறது. அதைப் பரபக்கத்தோடு அருகருகே வைத்துப் படியுங்கள்.

உரையாசிரியர் சொன்னதை இன்றைய நடையில் மாற்றி எழுதிவிட்டு, யார் உரை என்று குறிக்காமல் விடும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. பிறர் எழுத்தோடு ஒத்திருப்பதை மென்பொருளில் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வேடு திரும்பி வரும். மென்பொருளுக்குப் பழைய உரை தெரியாமல் போனாலும் தேர்வாளருக்குத் தெரியும்.

மடத்தின் அருமை நூலை வரிவரியாகக் கற்பிக்கும் ஆசிரியரிடம் இருக்கிறது. அதை விடாதீர்கள். பதிவு பல்கலைக்கழகத்தில் இருக்கட்டும், பாடம் கேட்பது மடத்தில் தொடரட்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றவை. கடலூரிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம். பெரும்பகுதி கிரந்த எழுத்தில் இருப்பதால் அதை இப்போதே கற்கத் தொடங்குங்கள்.

பக்தி தடையா என்று கேட்டீர்கள். சித்தியாரில் சைவத்தின் சொந்தக் கொள்கையை நிறுவும் பகுதியான சுபக்கத்துக்கு ஞானப்பிரகாசர் எழுதிய உரையைச் சிவஞான முனிவர் கடுமையாக மறுத்தார். இருவரும் சைவர்கள், ஒரே நூலை வணங்கியவர்கள். நம்பிக்கை உள்ளவரின் வாதத்தில் ஓட்டை காண்பது உங்கள் மரபுக்குள்ளேயே நடந்த வேலை. ஆனால் முடிவை முதலிலேயே எழுதி வைத்துவிட்டு ஆய்வு செய்ய இயலாது. விண்ணப்பிக்கும் முன் பௌத்தர் தரப்பை மட்டும் பத்துப் பக்கம், ஒரு மறுப்பும் சேர்க்காமல் எழுதிப் பாருங்கள். பௌத்தம் அறிந்த ஒருவர் அதைப் படித்து ‘சரியாகச் சொல்லியிருக்கிறாய்’ என்றால் நீங்கள் தயார்.

நெறியாளரைத் தேடும்போது அந்தப் பத்துப் பக்கத்தையே கொண்டு போங்கள். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புது மாணவரை எடுக்க முடியாது. பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு மாணவர்கள்தான் உச்சவரம்பு. இடம் காலி இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.