ஹூடூ வெறும் பில்லிசூனியமா? அதற்கும் கலைக்கும் என்ன சம்பந்தம்?

பில்லிசூனியம் என்று ஒதுக்குவது அநியாயம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள், நினைவில் சுமந்துவந்த வைத்தியத்தோடு பூர்வகுடிகளிடம் கற்ற மூலிகைகளையும் பைபிள் சங்கீதங்களையும் சேர்த்து உருவாக்கியது அது. மருத்துவர் கிடைக்காத இடத்தில் வேர் தெரிந்தவர்தான் கதி. சிவப்புத் துணியில் வேர்களை முடிந்து காப்பாக வைத்துக்கொள்வார்கள், மோஜோ பை என்று பெயர். எதைச் சேர்ப்பது, என்ன சொல்லிக் கட்டுவது என்பதே கவிதை எழுதுவது போன்ற வேலைதான், என்னைப் பொறுத்தவரை.

எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1928இல் நியூ ஆர்லியன்ஸ் போய், ஹூடூ வைத்தியர்களிடம் சீடராகவே சேர்ந்தார். ஒரு தீட்சைக்காக 69 மணிநேரம் சாப்பாடில்லாமல் குப்புறக் கிடந்ததை 1935இல் அவரே எழுதினார். வெளியே நின்று குறிப்பெடுத்திருந்தால் அந்த எழுத்துநடை அவருக்கு வந்திருக்காது. அப்புறம், லாஸ் ஏஞ்சலஸ் கலைஞர் பெட்டி சார் (Betye Saar) 1970களில் எலும்பு, இறகெல்லாம் வைத்துச் செய்த பீடங்களையும் தேடிப் பாருங்கள்.