பல்லைப் பிடுங்கியும் வலி போகவில்லையே, டாக்டர்?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. ஒன்றரை வருடமாக வலது தாடையில் திடீர் திடீரென்று வலி. ‘கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு’ என்று துடித்துப்போகிறார். அந்தப் பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்தாகிவிட்டது. பத்து நாள் சும்மா இருந்துவிட்டு வலி மறுபடி வந்துவிட்டது. அடுத்த பல்லையும் பிடுங்கச் சொல்லி அழுகிறார். பிடுங்கலாமா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: வேண்டாம்மா. இப்போதைக்கு அந்தப் பல்லில் யாரும் கைவைக்க வேண்டாம்.

சொத்தைப் பல் வலி விண்விண்ணென்று தெறிக்கும், படுத்தால் கூடும், தூங்க விடாது. அம்மாவுக்கு வருவது வேறு. அவரிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒவ்வொரு வெட்டும் சில நொடிதானா, மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடமா? முகம் கழுவும்போது, பல் தேய்க்கும்போது, பஸ் ஜன்னல் காற்று படும்போது வருகிறதா? தூங்கும்போது பெரும்பாலும் தொந்தரவு இல்லையா? எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்றால், இது பல் நோயாக இல்லாமல் நரம்பு நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்பார்கள். 50 வயதுக்கு மேல், அதுவும் பெண்களுக்கு அதிகம் வருகிறது.

முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு மூன்று கிளையாகப் பிரிகிறது. அதில் இரண்டு கிளைகள் மேல், கீழ்ப் பற்களுக்குப் போகின்றன. மூளையிலிருந்து நரம்பு கிளம்பும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்தி அழுத்தி மேலுறையைத் தேய்த்துவிடும். உறை தேய்ந்த ஒயர் மாதிரிதான். கோளாறு அங்கே, வலி தெரிவது பல்லில்.

நான் தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம், இதே வலியோடு ஒரு பாட்டி வந்தார். சின்னச் சொத்தை ஒன்று கண்ணில் பட்டது, பிடுங்கிவிட்டேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். அன்றுதான் அவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். இடது கன்னம் முழுக்க மஞ்சள் பூசியிருந்தது. வலது கன்னம் தண்ணீர்கூடப் படாமல் வறண்டு கிடந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “தொட்டா உயிர் போகுதும்மா” என்றார். முதல் நாளே அந்தக் கன்னத்தைப் பார்த்திருந்தால் ஒரு பல் தப்பியிருக்கும். இன்றுவரை அது என் மனதை விட்டுப் போகவில்லை.

அந்தப் பத்து நாள் நிம்மதியை வைத்துப் பல்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். இந்த வலி தானாகவே சில நாள், சில மாதம்கூட ஓய்ந்திருந்துவிட்டுத் திரும்ப வரும்.

சரி, என்ன செய்வது? நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள். வேறு கட்டி ஏதும் நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். வழக்கமாக முதலில் கொடுப்பது கார்பமாசெபின் மாத்திரை. பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் இந்த வயதில் தலைசுற்றும், ரத்தத்தில் சோடியம் குறையும். அதனால் குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுவார்கள், இடையில் ரத்தப் பரிசோதனையும் இருக்கும். இரவில் பாத்ரூம் போகும்போது துணைக்கு ஒருவர் எழுந்திருங்கள். தோலில் தடிப்போ வாயில் கொப்புளமோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் மறக்காமல் காட்டுங்கள். மாத்திரை கேட்காதவர்களுக்கு அறுவைசிகிச்சையும் உண்டு.

அம்மா தினமும் வலி மாத்திரை போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். சாதாரண வலி மாத்திரை இந்த வலிக்குக் கேட்காது. வயிற்றையும் சிறுநீரகத்தையும்தான் கெடுக்கும்.

இன்னொன்று. கன்னம் மரத்துப்போனாலோ, வெற்றிலை புகையிலை போடும் பழக்கம் இருந்து வாய்ப்புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தாலோ தாமதிக்காதீர்கள். அது வேறு விஷயமாக இருக்கலாம்.

மருந்து கேட்கும்வரை, வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து அம்மாவே மெல்ல முகத்தை ஒற்றிக்கொள்ளட்டும். குழைந்த சாதம், ஆறிய கஞ்சி கொடுங்கள். வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தால் ஆள் இளைத்துவிடுவார். வலி ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து, அந்தப் பக்கப் பற்களையும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மிச்சமிருப்பவை நல்ல பற்கள்தானே.