வாகனக் கேள்வி பதில்: பின் ஸ்பிரிங் வாங்க முன் அளவுநாடாவை எடுங்கள்

கேள்வி: என்னிடம் டொயோட்டா விட்ஸ் இருக்கிறது. பின்சீற்றில் மூன்று பேரும் டிக்கியில் சாமானும் ஏறினால் பின்பக்கம் அமுங்கி, வேகத்தடையில் 'டங்' என்று அடிக்கிறது. 11 மி.மீ. கம்பி ஸ்பிரிங்கைக் கழற்றி 11.5 போடச் சொல்கிறார் கராஜ் பாஸ். அரை மில்லிமீற்றரில் என்ன வந்துவிடும்?
– காத்தான்குடி வாசகர்

பதில்: நிறைய வரும். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்கில் ஏறுவது. சுருளின் விட்டமும் வளையங்களும் மாறாமல் 11 இலிருந்து 11.5க்குப் போனால் விறைப்பு 19 சதவீதம் கூடும். சராசரி விட்டம் 110 மி.மீ., வேலை செய்யும் வளையங்கள் 6 என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீற்றர் அமுக்க 18.1 நியூட்டன் கேட்ட ஸ்பிரிங் இனி 21.6 கேட்கும்.

ஆனால் சக்கரம் அந்த 18.1ஐ உணர்வதில்லை. விட்ஸின் பின்பக்கம் டோர்ஷன் பீம்: இரு சக்கரங்களின் கைகளையும் முறுகக்கூடிய ஒரு குறுக்குச் சட்டம் இணைக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கை முன்னால் உள்ள புஷ்ஷில் (றப்பர் மூட்டில்) சுழல்கிறது. ஸ்பிரிங் சக்கர மையத்துக்குச் சற்று முன்னால் அமர்ந்திருக்கிறது. வண்டி சமதரையில் தன் சக்கரத்திலேயே நிற்கும்போது இரண்டு அளவு எடுங்கள்: புஷ் மையத்திலிருந்து ஸ்பிரிங் இருக்கையின் மையம் வரை, புஷ் மையத்திலிருந்து சக்கர மையம் வரை. உதாரணத்துக்கு 320, 400 மி.மீ. வந்தால் விகிதம் 0.8. இதை இரண்டு தடவை பெருக்கவேண்டும். சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 8 மி.மீ. தான் அமுங்கும், அது ஒன்று. அமுங்கிய ஸ்பிரிங்கின் தள்ளலும் குறுகிய நெம்புகோலில் வருகிறது, அது மற்றது. ஆக 0.64. சக்கரத்தில் 18.1 என்பது 11.6 ஆகிறது, 21.6 என்பது 13.8 ஆகிறது.

இனிக் கணக்குப் பாருங்கள். ஆளும் சாமானுமாக ஒரு பின்சக்கரத்தில் 75 கிலோ ஏறினால் பழைய ஸ்பிரிங் 63 மி.மீ. அமரும், புதியது 53. விறைப்பால் கிடைத்த இலாபம் 10 மி.மீ. மட்டுமே. ஆனாலும் பாஸ் சொன்னது பலிக்கும், காரணம் வேறு: ஸ்பிரிங்கின் நீளம் அதேயென்றால் வெறும் வண்டியே (பக்கத்துக்கு 130 கிலோ என்று வைத்தால்) 18 மி.மீ. உயரமாக நிற்கும். அதாவது கிடைக்கும் 28 மி.மீ. இல் பெரும்பங்கு உயரம்தான். அந்த உயரத்தை ஸ்பிரிங்கின் கீழே வைக்கும் 15 மி.மீ. றப்பர் ஸ்பேசரும் தரும், 15ஐ 0.8ஆல் வகுத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 19. விறைப்பு மாறாது. ஆனால் எந்த வழியில் உயர்த்தினாலும் சக்கரம் கீழே தொங்கும் இடம் அதே அளவு குறையும். அளவு மீறினால் பள்ளத்தில் சொக் அப்சோபர் முழுக்க நீண்டு 'டக்' என்று நிற்கும்.

இரண்டுக்கும் முன், பம்ப் ஸ்டொப்பரைப் (ஸ்பிரிங் மிக அமுங்கும்போது மோதலைத் தாங்கும் கட்டையை) பாருங்கள். நீங்கள் கேட்கும் 'டங்' பெரும்பாலும் பொடிந்துபோன ஸ்டொப்பரின் சத்தம்தான். ஸ்பிரிங்கின் கடைசி வளையத்தையும் அழுக்கைக் கழுவிவிட்டுப் பாருங்கள்; கடற்காற்றில் உப்பு அங்கேதான் தங்கிக் கம்பியை அரிக்கும், முறிவதும் அந்த இடத்தில்தான். பழசான ஸ்பிரிங் விறைப்பை இழப்பதில்லை, நீளத்தை இழக்கும். வாரத்தில் நாலு நாள் பாரம் ஏற்றுபவருக்கு 11.5 நல்ல தெரிவு. மாதத்துக்கு ஒரு தரம் கல்முனைக்குக் குடும்பத்தோடு போய்வருபவருக்குப் புது ஸ்டொப்பரும் 10 மி.மீ. ஸ்பேசரும் போதும்.

கேள்வி: நண்பரின் சிவிக் ஈகே ஹேச்பெக்கில் பின்னுக்கு '6 கிலோ' ஸ்பிரிங் அருமையாக இருக்கிறது. என் ஹோண்டா ஃபிட்டுக்கும் அதையே போடலாமா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: வேண்டாம். '6 கிலோ' என்றால் ஒரு மில்லிமீற்றர் அமுக்க 6 கிலோ பாரம், அதாவது ஏறத்தாழ 59 நியூட்டன். மேலே கணக்குப் பார்த்த ஸ்பிரிங்கின் மூன்று மடங்குக்கும் மேல்! சிவிக்கின் பின்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் தனித்தனிக் கைகள் பிடிக்கின்றன. ஸ்பிரிங்கும் சொக்கும் ஒன்றாகக் கீழ்க்கையின் நடுவில் பூட்டப்பட்டுள்ளன. விகிதம் 1ஐவிட நன்றாகக் குறையும், இருமடியாக்கினால் இன்னும் குறையும். டோர்ஷன் பீம் கொண்ட ஃபிட்டில் ஸ்பிரிங் தனி, சொக் தனி. 0.8 விகித இருக்கையில் வைத்தால் 6 கிலோ 3.8 ஆகும். அதையே சில கிட்டுகள் சொக்கின் மேல் ஏற்றுகின்றன. சொக் சக்கர மையத்துக்கு அருகில் இருப்பதால் ஏறத்தாழ முழு 6 கிலோவும் சக்கரத்துக்குப் போகும். சொக்கின் அதிர்வை மட்டும் தாங்கச் செய்த மேல் பூட்டு இனி வண்டியின் பாரத்தையும் சுமக்கும். அங்கே தகடு வெடித்தால் வெல்டிங்கால் சரிவராது.

இன்னொன்று: பீம் முறுகும்போது அதுவே வளைவில் வண்டியின் சாய்வைத் தடுக்கும் கம்பியாகவும் வேலை செய்கிறது. அதற்கு மேல் ஸ்பிரிங்கையும் விறைப்பாக்கினால், மாரியில் நனைந்த வளைவில் அக்சிலேற்றரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கும்போது வால் வெளியே போகும்.

கேள்வி: இந்தியத் தயாரிப்பு ஓல்டோ 800க்கும் இதே கணக்கா?
– அம்பாறை வாசகர்

பதில்: இல்லை, அது றிஜிட் அச்சு, அதாவது இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் வளையாத ஒரே அச்சு. ஸ்பிரிங் அச்சின் மேலேயே அமர்ந்திருந்தால் பாரத்துக்கு விகிதம் 1. தடித்த ஸ்பிரிங்கின் பலன் முழுதாகக் கிடைக்கும். சாய்வில் வேறு கதை. இரு ஸ்பிரிங்குக்கும் இடைத்தூரம் 900, சக்கரங்களுக்கு 1,300 மி.மீ. என்றால் 0.69, அதன் இருமடி 0.48. பாரம் தாங்கும், வளைவில் பாதி உதவிதான்.

கேள்வி: ஸ்பிரிங்கில் ஒரு வளையம் வெட்டினால்?
– செங்கலடி வாசகர்

பதில்: 6 வளையம் 5 ஆனால் 20 சதவீதம் விறைக்கும். கூடவே வண்டி தாழும், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவும், வெட்டிய முனை தட்டில் சரியாகப் பொருந்தாது. காஸ் கட்டரால் வெட்டினால் சூடு பட்ட இடத்தில் உருக்கின் பதம் போய்விடும்.