பத்து மீட்டர் ஏர் பிஸ்டல்: கேள்விகளும் பதில்களும்

ஏர் பிஸ்டல் பழகிவருபவர்களும், பழக விரும்புபவர்களும், பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் ஒரு ரைபிள் கிளப்பில் பதினெட்டு ஆண்டுகளாகச் சுட்டுவருபவன். மாநிலப் போட்டிக்கு மேல் போனதில்லை. புதிதாக வருபவர்கள் செய்யும் பிழைகளில் நான் செய்யாதது அநேகமாக எதுவும் இல்லை என்பதுதான் பதில் சொல்ல எனக்குள்ள தகுதி.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பாரிஸில் மனு பாக்கர் பதக்கம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து பிஸ்டல் வாங்கித் தரச் சொல்கிறாள். லைசென்ஸ் வேண்டுமா? எவ்வளவு செலவாகும்? (ஈரோட்டிலிருந்து ஒரு தாய்)

குழல் விட்டம் 4.5 மி.மீட்டருக்கும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு, 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்குரிய ஏர் பிஸ்டல் சுமார் அரை கிராம் எடையுள்ள பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. கணக்குப் போட்டால் ஆறு ஜூல்கூட வராது. ஆகவே சட்டம் உங்களுக்குத் தடையாக நிற்காது. விலைதான் நிற்கும். ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பர்தினி ஆகிய ஐரோப்பிய நிறுவனங்களின் போட்டிப் பிஸ்டல் எதுவானாலும் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும்.

அதனால் இப்போது எதையும் வாங்காதீர்கள். சென்னை, கோயம்புத்தூர், மதுரை போன்ற ஊர்களில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. உங்களுக்கு அருகில் இருப்பதில் சேர்த்துவிட்டு, ஆறு மாதம் கிளப் துப்பாக்கியிலேயே பழகட்டும். பிஸ்டலின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. அதை ஒரே கையில், நீட்டிய நிலையில், பயிற்சிச் சுடுதலையும் சேர்த்து எழுபது எண்பது முறை தூக்கி இறக்க வேண்டும் என்பது அவளுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் அப்போது வாங்கலாம். தட்டையான அடிப்பாகமுள்ள, கணுக்கால் எலும்பை மூடாத சாதாரண காலணி ஒன்று இருந்தால் இப்போதைக்குப் போதும். கணுக்காலை மூடும் காலணிக்கு இந்தப் போட்டியில் அனுமதியே இல்லை.

எவ்வளவு முயன்றாலும் கை ஆடுகிறது. ஆட்டம் நிற்கும் அந்தக் கணத்திற்காகக் காத்திருந்து சுட்டால் குண்டு குறி அட்டையின் ஏழாம், ஆறாம் வளையங்களில் போகிறது. கையை எப்படி உறுதியாக்குவது? (சேலம், கல்லூரி மாணவர்)

கை ஆடத்தான் செய்யும். உலகச் சாம்பியனின் கையும் ஆடுகிறது, ஆட்டத்தின் அளவுதான் சிறியது. உங்களை ஏழுக்குத் தள்ளுவது அந்த ஆட்டம் அன்று. இதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம்.

அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. கோட்டைத் தொட்டாலே அந்த வளையத்தின் புள்ளி கிடைத்துவிடும் என்பதால், பெல்லட்டின் நடு, அட்டையின் நடுவிலிருந்து 8 மி.மீ. விலகும்வரை பத்துதான். அதற்குப் பின் ஒவ்வொரு 8 மி.மீட்டருக்கும் ஒரு புள்ளி குறையும். இப்போது குறிபார்க்க உதவும் முன் சைட்டும் (குழல் முனையில் நிற்கும் சிறு கட்டை) பின் சைட்டும் (கண்ணுக்கு அருகே இருக்கும் பிளவுள்ள தகடு) ஒழுங்காக ஒன்றுபட்டு நிற்க, அந்தக் காட்சி முழுவதும் அட்டையின்மேல் 5 மி.மீ. அங்குமிங்கும் அலைகிறது என்று வையுங்கள். குண்டும் 5 மி.மீ. தள்ளிப் போகும், ஆனாலும் பத்துதான். மாறாக, விசையை வெடுக்கென்று இழுத்ததில் மணிக்கட்டு சற்றே மடங்கி, பின் சைட்டின் பிளவில் முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கிவிட்டது என்று வையுங்கள். இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 32 செ.மீ. இருந்தால், அந்த ஒரு மில்லிமீட்டர் பத்து மீட்டர் தொலைவில் 31 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். அதற்குக் கிடைப்பது ஏழு. நீங்கள் எழுதிய அதே ஏழு.

நீங்கள் காத்திருக்கும் "அந்தக் கணம்" வந்ததும் மூளை 'இப்போது' என்கிறது, விரல் துள்ளுகிறது, சைட் குலைகிறது. ஆகவே ஆட்டத்தை ஒப்புக்கொண்டு, கரும்புள்ளிக்குக் கீழுள்ள வெள்ளைப் பகுதியில் கை அதன் போக்கில் அலைய, பார்வை முழுவதையும் முன் சைட்டின் மேல்விளிம்பில் வைத்து, அட்டை மங்கலாகவே தெரிய, விசையின்மீது அழுத்தத்தை ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வெடிப்பு உங்களுக்கே கொஞ்சம் வியப்பாக இருக்க வேண்டும். கை மேலிருந்து இறங்கி நிலைத்த பிறகு ஏழெட்டு வினாடிக்குள் சுடவில்லையென்றால், சுடாமல் இறக்கிவிடுங்கள். அறுபது குண்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது. இறக்கியதற்காக யாரும் புள்ளியைக் குறைப்பதில்லை.

இதற்கான பயிற்சி வீட்டுச் சுவர்தான். போட்டிப் பிஸ்டல்கள் எல்லாவற்றிலும் குண்டும் காற்றும் இல்லாமல் விசையை மட்டும் இயக்கிப் பழகும் வசதி உண்டு. துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத அறையில், வெறும் வெள்ளைச் சுவரை நோக்கி நில்லுங்கள். குறி என்று ஒன்று இல்லாததால் கண் முன் சைட்டை விட்டு ஓடாது. 'டிக்' என்ற ஓசை வரும்போது முன் சைட் அசைந்ததா இல்லையா என்பதை மட்டும் பாருங்கள். முதல் நாள் அது குதிப்பதைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். ஒரு நாளுக்கு இருபது நிமிடம், மூன்று வாரம் செய்துவிட்டு எழுதுங்கள்.

விசையின் அழுத்தத்தைக் குறைத்து வைத்தால் வெடுக்கென்று இழுப்பது குறையுமா?

குறைக்க முடியாது. ஏர் பிஸ்டல் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். குழலை மேல்நோக்கி நிறுத்தி, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை ஒரு விரலில் தூக்குவதுபோல என்று நினைத்துக்கொள்ளலாம். சரியாக 500இல் வைக்காமல் பத்து இருபது கிராம் கூடுதலாக வைப்பது நல்லது, ஏனென்றால் வெப்பநிலை மாறும்போதும் திருகு இளகும்போதும் அளவு கொஞ்சம் மாறும்.

பெல்லட் டப்பாக்களில் 4.49, 4.50 என்று போட்டிருக்கிறதே, எதை வாங்குவது? (திருநெல்வேலி)

அது பெல்லட்டின் தலைப்பகுதியின் விட்டம். போட்டிப் பெல்லட், உடுக்கையைப் போல இடை சிறுத்திருக்கும். தலை தட்டையாக இருப்பதால் அட்டையில் கிழிசல் இல்லாமல் வட்டமாகத் துளை விழும், பாவாடை போன்ற பின்பகுதி காற்றழுத்தத்தில் விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். எந்த அளவு எந்தக் குழலுக்குப் பொருந்தும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும்: துப்பாக்கியைப் பிடிகருவியில் இறுக்கி வைத்து, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, எந்தக் கூட்டம் சிறியதாக விழுகிறது என்று பார்ப்பார்கள்.

ஆனால் அறுபது குண்டில் 600க்கு 540 புள்ளிக்குக் கீழே இருப்பவர் இதில் ஒரு மாலையைக்கூடச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. பயிற்சிக்கு மலிவான தட்டைத் தலைப் பெல்லட், போட்டிக்கு ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என் போன்ற ஒரு நல்ல டப்பா, அவ்வளவுதான். டப்பாவைக் கீழே போடாதீர்கள். ஈயம் மென்மையானது, பாவாடை நசுங்கிய பெல்லட் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஈயம் என்பதாலேயே சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கை எடுத்து வாயில் போடாதீர்கள். எங்கள் கிளப்பில் நான் தினமும் கத்துவது இதற்காகத்தான்.

பழைய பிஸ்டல் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (புதுச்சேரி)

முதலில் காற்றுச் சிலிண்டரின்மேல் பொறித்துள்ள தேதியைப் பாருங்கள். நிரம்பிய சிலிண்டரில் இருப்பது 200 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பதைப்போல ஏறத்தாழ தொண்ணூறு மடங்கு. அதிகபட்சம் பத்து ஆண்டுகள்தான் அதன் ஆயுள், காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு. நான் இப்படித்தான் ஒரு பிஸ்டலைப் பேரம் பேசி வாங்கிப் பெருமையோடு ஒரு போட்டிக்குப் போனேன். கருவிச் சோதனை மேசையில் இருந்தவர் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தேதியின்மேல் விரலை வைத்தார். காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிச் சுட்டேன். அன்றைய புள்ளியைச் சொல்ல மாட்டேன்.

நிரப்பும்போது மெதுவாக நிரப்புங்கள், வேகமாக நிரப்பினால் சூடேறும். உலர்ந்த தூய காற்று மட்டுமே. மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார்: கூடவே கூடாது, எண்ணெய்ப் பிசுக்கோடு உயர் அழுத்த ஆக்சிஜன் சேர்ந்தால் வெடித்துவிடும்.

துருக்கியின் யூசுஃப் டிகேச் எந்தக் கருவியும் இல்லாமல் சாதாரணக் கண்ணாடியோடு வெள்ளி வென்றாரே. அப்படியானால் மற்றவர்கள் வாங்குவதெல்லாம் வீண்தானே?

பாரிஸ் 2024 கலப்பு அணிப் போட்டியில் அவர் வென்றதைச் சொல்கிறீர்கள். கண்ணாடி சாதாரணமானது, கை சட்டைப்பைக்குள் இருந்தது, இரண்டு கண்ணும் திறந்திருந்தன, எல்லாம் உண்மை. கையிலிருந்தது மட்டும் மற்றவர்களுடையதைப் போன்ற போட்டிப் பிஸ்டல். இடது கையைப் பையில் வைப்பதும் அலட்சியமில்லை. தொங்கும் கை உடலை ஆட்டாமலிருக்க அநேகமாக எல்லோரும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறோம். ஐரிஸ் (சிறிதாக்கவும் பெரிதாக்கவும் கூடிய பார்வைத் துளை) பொருத்திய கண்ணாடிச் சட்டமும் கண்மறைப்பும் இருந்தால்தான் சிலருக்குத் தெளிவு வருகிறது. அவருக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவே. அந்த 51 வயதுக்குள் அவர் எத்தனை ஆயிரம் முறை கையைத் தூக்கியிருப்பார் என்பது அந்தப் படத்தில் தெரியவில்லை.

எனக்கு 48 வயது. படிக்கும் கண்ணாடி போட்டால் அட்டை தெரியவில்லை, கழற்றினால் முன் சைட் தெரியவில்லை. (திருச்சி, வங்கி ஊழியர்)

முன் சைட் தெளிவாகவும், அட்டை மங்கலாக ஆனால் வட்டம் என்று புரியும்படியும் இருக்கும் கண்ணாடிதான் உங்களுக்கு வேண்டும். தூரப் பார்வைக்கான அளவோடு 0.50 அல்லது 0.75 டயாப்டர் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண் பரிசோதகரிடம் பிஸ்டலை எடுத்துக்கொண்டு போய் அங்கிருப்பவர்களைப் பதற வைக்காதீர்கள். கண்ணிலிருந்து முன் சைட்டுக்கான தூரத்தை வீட்டில் அளந்து, அதே நீளத்தில் ஒரு குச்சியின் முனையில் கறுப்புத் தாளை ஒட்டி எடுத்துச் செல்லுங்கள்.

வலது கைக்காரன், ஆனால் இடது கண்தான் வலுவானது. கையை மாற்ற வேண்டுமா?

தொடக்கத்திலேயே இருந்தால் மாற்றிப் பாருங்கள், இரண்டு வாரத்தில் எது இயல்பு என்று தெரியும். பல ஆண்டுகள் சுட்டவராக இருந்தால் இடது கண்ணுக்கு முன்னால் ஒரு மறைப்பை வைத்துக்கொண்டு வலது கண்ணாலேயே சுடலாம், 30 மி.மீ. அகலம் வரை விதி அனுமதிக்கிறது. கையை மாற்றுவது முடியாத காரியம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஹங்கேரிய ராணுவ வீரர் கரோலி டக்காச்சின் வலது கையை 1938இல் ஒரு கையெறி குண்டு சிதைத்தது; இடது கையால் பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சின்கியிலும் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார்.

ஒற்றைத் தலைவலிக்காக ப்ரோப்ரானலால் சாப்பிடுகிறேன். கை நடுக்கம் குறைந்து புள்ளி கூடியிருக்கிறது. போட்டியில் பிரச்சினை வருமா?

வரும். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் துப்பாக்கி சுடுதலில் தடை செய்யப்பட்டவை, போட்டிக்கு வெளியிலும்கூட. 2008 பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு வென்ற ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் பறிபோனது இதே மருந்தால்தான். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. மருத்துவரிடம் விளையாட்டைப் பற்றிச் சொல்லி மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், போட்டிப் பதிவை விட்டுவிட்டு கிளப்பில் பொழுதுபோக்காகச் சுடுவதில் குறை ஒன்றும் இல்லை.

கேரம் நன்றாக ஆடுவேன், புகைப்படமும் எடுப்பேன். இவை பிஸ்டலுக்கு உதவுமா? (ராயபுரம்)

கேரம் உதவாது; விரலைப் பொறுத்தவரை கெடுதல் என்றே சொல்வேன். ஸ்டிரைக்கரை அடிக்கும் விரல் திடீரென்று பாய வேண்டும், விசையை அழுத்தும் விரல் எப்போதுமே பாயக் கூடாது. புகைப்படம் அப்படியில்லை. மங்கிய வெளிச்சத்தில், ஸ்டாண்ட் இல்லாமல், ஷட்டரை எட்டில் ஒரு வினாடியில் வைத்துக் கோயில் மண்டபத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, உடல் அசையாமல் விரல் மட்டும் அமுங்கினால்தான் படம் தெளிவாக வரும். நீங்கள் கிளப்பில் பழகுவதும் அதுதான். எனக்குப் பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டும் பழக்கம் உண்டு. அதனால் புள்ளி கூடியதாகத் தெரியவில்லை, பிஸ்டலைப் பிரிக்கும்போது திருகுகள் தொலையாமல் இருக்கின்றன.

ஏர் பிஸ்டலில் 560 சுடுகிறேன். அடுத்து .22 பிஸ்டலுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் அது வேறு உலகம். .22 நெருப்பு ஆயுதம் என்பதால் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். தோட்டாக்களை எண்ணிக் கணக்கு வைக்க வேண்டும். தூரம் 25 மீட்டர், விசை 1,000 கிராம். போட்டியில் நிதானப் பிரிவு, விரைவுப் பிரிவு என்று இரண்டு உண்டு; நிதானப் பிரிவின் பத்தாம் வளையம் 50 மி.மீ. நிதானப் பிரிவில் ஏர் பிஸ்டல் பழக்கம் அப்படியே கைகொடுக்கும். விரைவுப் பிரிவில் குறி மூன்று வினாடிதான் காட்டப்படும், அதற்குள் கையைத் தூக்கி ஒரு குண்டு சுட வேண்டும், பின் ஏழு வினாடி இடைவெளி. கை மேலே வந்துகொண்டிருக்கும்போதே விசையில் அழுத்தம் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று: ஏர் பிஸ்டலில் பழகியதுபோல .22இல் வெறும் விசையை இழுத்துப் பழகாதீர்கள். இதில் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்கும் அமைப்பு. தோட்டா இல்லாவிட்டால் சில துப்பாக்கிகளில் அது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தின் விளிம்பிலேயே போய் மோதிப் பள்ளம் விழச் செய்துவிடும். அதற்கென விற்கும் பொய்த் தோட்டாவைப் போட்டுக்கொண்டு பழகுங்கள்.