அவரும் பிறகு கேட்கவில்லை

கேள்வி: வெயிலுக்கு உடுத்த மெல்லிய நைட்டி ஒன்றை வீட்டிலேயே தைக்க விரும்புகிறேன். பெட்டியில் சேர்ந்திருக்கும் துணிகளில் மூன்று மீட்டர் மல் துணிதான் (மெல்லிய பருத்தி) தோதாகத் தெரிகிறது. ஆறு வருடங்களுக்கு முன் மாமியார் தனக்கு நைட்டி தைத்துத் தரும்படி கொடுத்தது. அவரும் பிறகு கேட்கவில்லை. மெல்லிய துணியை மெஷின் உள்ளே இழுத்துச் சுருக்குகிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மெஷினைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 'அவரும் பிறகு கேட்கவில்லை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. வயதானவர்கள் ஒரு முறை வாய்விட்டுக் கேட்பார்கள். மறுமுறை கேட்க வரும்போது நம் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். அதை மறதி என்று நீங்கள் எடுத்துக்கொண்டது உங்கள் வசதிக்காக. இந்த ஆறு கோடைகளையும் அவர் எதை உடுத்திக் கழித்தார் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. உங்கள் கணவரையும் நான் விடுவதாக இல்லை. பெற்ற தாயின் துணியை ஒரு தையற்கடையில் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கும்தான் ஆறு வருடங்கள் இருந்தன. வீட்டுப் பெரியவரின் உடுப்பைக் கவனிப்பது மருமகளுக்கு மட்டும் எழுதி வைத்த கடமையன்று. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டவர் நீங்கள். அந்த மூன்று மீட்டர் உங்களுடையதன்று. அதில் அவருக்குத்தான் தைக்க வேண்டும்.

நெடுநாள் மடிப்பில் கிடந்த துணி, மடித்த இடத்தில் இற்றுப் போயிருக்கக்கூடும் என்பதால், முதலில் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். பருத்தி சுருங்கும், ஆகையால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, இலேசாகக் கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்திரியை எடுங்கள். கஞ்சியின் விறைப்பு இருந்தால் வெட்டும்போது துணி நழுவாது. மெஷினில் 14 அல்லது 16 ஆம் எண் ஊசி இருந்தால் கழற்றிவிட்டுப் புதிய 9 அல்லது 11 போடுங்கள். தையலைத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, துணிக்கு அடியில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் மெஷின் துணியை உள்ளே இழுக்காது. காகிதத்தைப் பிறகு கிழித்துவிடலாம். ஓரம் பிரியாதிருக்க, நல்ல பக்கம் வெளியே தெரிய ஒரு தையல் போட்டு, ஓரத்தைக் குறுக வெட்டி, உட்புறம் திருப்பி அதே ஓரத்தை மறைத்து இன்னொரு தையல் போடுங்கள்.

அவருடைய பழைய நைட்டியை அளவுக்கு வைக்காதீர்கள். ஆறு வருடங்களில் உடம்பு மாறியிருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா என்று கேளுங்கள். முடியாதென்றால் முன்பக்கத்தை இடுப்புவரை திறந்துவிட்டுப் பெரிய பட்டன்களாக வையுங்கள்.