ஃபைல் யார் மேஜையில் இருந்தது?

கேள்வி: என் தம்பி மகனுக்கு செஷன்ஸ் கோர்ட் மூன்று வருடத் தண்டனை கொடுத்தது. ஹைகோர்ட்டில் அப்பீல் போட ஐந்து நாள் தாமதமாகிவிட்டது. “இனிமேல் கஷ்டம்” என்று கைவிரிக்கிறார் வக்கீல். போபர்ஸ் பீரங்கி ஊழல் வழக்கில் சிபிஐ பன்னிரண்டு வருடம் கழித்துப் போய் நிற்கவில்லையா? அவர்களுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா? (ஒரு வாசகர், ஆர்.கே.புரம்)

பதில்: சட்டம் ஒன்றுதான், 1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டம். உங்கள் தம்பி மகனைப் போன்றவர்களுக்கு ஹைகோர்ட் போக 60 நாள். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசு போக 90 நாள். கெடு தாண்டினால், போதுமான காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட 5-ஆவது பிரிவு இருவருக்கும் இடம் தருகிறது. ஐந்து நாளுக்கே கைவிரிக்கும் வக்கீலுக்கு அந்த மனுவை எழுதச் சோம்பலோ என்னவோ. தண்டனை பெற்றவரின் சுதந்திரம் சம்பந்தப்பட்ட இடத்தில் இவ்வளவு சின்னத் தாமதத்தைக் கோர்ட்டுகள் பொதுவாகப் பெரிதுபடுத்துவதில்லை.

சிபிஐ கதைக்கு வருவோம். இந்துஜா சகோதரர்கள் மீதான குற்றச்சாட்டுகளை டெல்லி ஹைகோர்ட் ரத்து செய்தது 2005 மே 31-இல். சிபிஐ சுப்ரீம் கோர்ட் படியேறியது 2018 பிப்ரவரியில். கேட்டால், மேலிடத்து அனுமதி வரவில்லையாம். அதே வருடம் நவம்பரில், தாமதத்துக்காகவே மனு தள்ளுபடி ஆனது. ஆகவே அவர்களும் தப்பிக்கவில்லை. ஆனால் சிபிஐ தலைமையகம் இருக்கும் லோதி ரோடு சிஜிஓ வளாகத்திலிருந்து, அனுமதி தர வேண்டிய துறை அப்போது இருந்த நார்த் பிளாக் எவ்வளவு தூரம்? ஆட்டோவில் அரை மணிகூட ஆகாது. நடுவில் ஆட்சியே மாறியது. மாறிய பிறகும் மூன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. டெல்லித் தமிழர்களில் பலர் ஃபைலோடு வாழ்ந்து ரிட்டயர் ஆனவர்கள். ‘ப்ளீஸ் ஸ்பீக்’ என்று ஓரத்தில் ஒரு வரி எழுதி ஃபைலைத் தூங்கவைக்கும் கலையை அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

வேண்டும் என்று நினைத்தால் அரசுக்கு வேகம் வராமலில்லை. 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் பம்பாய் ஹைகோர்ட் 12 பேரையும் விடுவித்தது 2025 ஜூலை 21-இல். மகாராஷ்டிர அரசு ஓடிய ஓட்டத்தில், 24-ஆம் தேதியே அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளில் முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் தடை போட்டுவிட்டது. நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த 2ஜி வழக்கு இன்னொரு ரகம். 2017 டிசம்பர் 21-இல் எல்லோரும் விடுதலை, மார்ச் 20-இல் சிபிஐ அப்பீல். கெடு முடிய ஒரு நாள்தான் பாக்கி! அப்புறம், அந்த அப்பீலை விசாரணைக்கு எடுக்கலாம் என்று டெல்லி ஹைகோர்ட் சொல்வதற்கு 2024 மார்ச் ஆகிவிட்டது.

சில தாமதங்களை நான் தாமதம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன், அவை முடிவுகள். தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தே காலம் கடந்து போய், ‘சுப்ரீம் கோர்ட்டே தள்ளிவிட்டது’ என்று ஃபைலை மூடுவது. இது என் கற்பனையல்ல. 2020-இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக ஒரு வழக்கைக் கொண்டுபோனபோது, இவையெல்லாம் ‘சர்டிஃபிகேட் கேஸ்’, அதாவது தள்ளுபடியையே சான்றிதழாக வாங்கிப்போக வரும் வழக்குகள் என்று சுப்ரீம் கோர்ட்டே சாடியது. 25,000 ரூபாய் அபராதம் போட்டு, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமே வசூலிக்கவும் சொன்னது. கிரிமினல் அப்பீல்களிலும் இதுதான் வேண்டும். எந்தத் தேதியில் ஃபைல் யார் மேஜையில் இருந்தது என்று பெயர், பதவியோடு ஒரு பட்டியலை மனுவோடு இணைக்கச் சொல்லுங்கள். அப்போது பாருங்கள் வேகத்தை.

உங்கள் விஷயத்துக்கு: தீர்ப்பு நகலை விண்ணப்பம் போட்டு வாங்கியிருந்தால் அதிலிருக்கும் முத்திரையைப் பாருங்கள். விண்ணப்பித்த தேதியிலிருந்து நகல் தயாரான தேதி வரையான நாட்களை 60 நாள் கணக்கில் சேர்க்கக் கூடாது. கழித்துப் பார்த்தால் அந்த ஐந்து நாள் தாமதமே இல்லாமல் போகலாம். இதற்கும் அந்த வக்கீல் கைவிரித்தால், ஹைகோர்ட்டிலேயே இலவச சட்ட உதவிக் குழு இருக்கிறது. நேராக அங்கே போங்கள்.